புதன்கிழமை நாலு மணி நிறுத்தம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு அனைவரும் நலம், அங்கும் அவ்வாறே இருக்க வேண்டும் என்றுதான் இத்தனை வருஷமும் உனக்கு எழுதி வந்திருக்கிறேன். இந்தத் தடவை அதன் முதல் பாதியை எழுத மனசு வரவில்லை. இங்கே இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருவர் மிக மிக நலம். இன்னொருத்தி உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள். உன் மனைவி, குழந்தைகள், உன் லாரி ஷெட், அதில் நிற்கிற ஆறு லாரிகள், அந்த ஆறில் ஓடுகிற நாலு லாரிகள் எல்லாம் சௌக்கியமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் உனக்கு நன்றி சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும். நாலு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தபோது எங்கள் சோபாவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "மாமா, இன்னும் ரெண்டு வருஷம் அந்த மேஜையிலயே உக்காந்து என்ன பண்ணப் போறீங்க? விருப்ப ஓய்வு வாங்கிட்டு அக்காவோட நிம்மதியா இருங்க" என்று சொன்னாயே, அதை உன் மாமா கேட்டுவிட்டார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் என் பிறந்த வீட்டு ஆள் சொன்ன ஒரு வார்த்தையை அவர் காதில் போட்டுக்கொண்டது இதுதான் முதல் தடவை. இதற்கு முன்னால் எத்தனையோ நல்ல யோசனைகள் சொல்லியிருக்கிறாய். அதில் ஒன்றைக் கேட்டிருக்கக் கூடாதா? போன வெள்ளிக்கிழமை பஸ் நிலையத்தில் பிரிவு உபசாரக் கூட்டம் நடந்தது. முப்பத்துநாலு வருஷம் நேரக் காப்பாளராக இருந்து, எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது, ஏன் தாமதம் என்று நோட்டில் எழுதி விசில் ஊதியே தலை நரைத்தவருக்கு, ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள். ஆணி அடித்து மாட்டியாகிவிட்டது. நோட்டையும் விசிலையும் அங்கேயே வைத்துவிட்டு வந்திருப்பார் என்று நீ நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் நான் கம்பளிகளை லாண்டரியில் போடக் கிளம்பினேன். இங்கே வெயில் இறங்கி மரங்கள் இலையைக் கொட்ட ஆரம்பித்துவிட்டன, சாயங்காலம் சீக்கிரமே இருட்டிவிடுகிறது. ஆறு மாதமாகப் பெட்டிக்குள் கிடந்த போர்வைகளையும் ஸ்வெட்டர்களையும் இப்போதே வெளுத்து வைத்தால்தான் குளிருக்கு ஆகும். வருஷா வருஷம் நான் தனியாகச் செய்கிற வேலை. பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால், உன் மாமா இஸ்திரி போட்ட சட்டையும் பாக்கெட்டில் இரண்டு பேனாவும் கையில் நீள நோட்டுமாக எனக்கு முன்னால் நிற்கிறார். "நீங்க எங்க கிளம்பிட்டீங்க?" என்றேன். "உன்கூடத்தான்" என்றார். "லாண்டரிக்கா?" "எங்கயா இருந்தா என்ன? பத்து மணிக்குக் கிளம்பறேன்னு நேத்தே சொன்னே. இப்ப மணி பத்து ஏழு." சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'புறப்பாடு 10.07. தாமதம் ஏழு நிமிடம். காரணம்: செருப்பு தேடியது.' எழுதி முடித்து, பாக்கெட்டிலிருந்து விசிலை எடுத்து ஒரே ஊதாக ஊதினார். எதிர்வீட்டுக்காரர் காரில் உட்கார்ந்து மனைவிக்காகக் காத்திருந்தார். விசில் சத்தம் கேட்டதும் பாவம், அந்த மனுஷன் சட்டென்று வண்டியை எடுத்துவிட்டார். அந்த அம்மா இன்னும் படிகூட இறங்கவில்லை. அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் என்னோடு யாரும் பேசுவதில்லை.

லாண்டரிக்காரர் எனக்குப் பல வருஷப் பழக்கம். நான் பையை வைப்பேன், அவர் தலையாட்டுவார், இரண்டு மூன்று நாளில் அந்தப் பக்கம் போகும்போது வாங்கிக்கொள்வேன். இவ்வளவுதான் எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம். அன்றைக்கு அவர் வழக்கம்போல "வியாழக்கிழமை சாயங்காலமா வாங்கிக்கங்கம்மா" என்றார். "சாயங்காலம்னா நாலரையா, அஞ்சா, அஞ்சே முக்காலா?" என்றார் உன் மாமா. லாண்டரிக்காரர் என்னைப் பார்த்தார். நான் சோப்பு விளம்பரத்தைப் பார்த்தேன். "அஞ்சுன்னு வெச்சுக்கங்க" என்றார். "வெச்சுக்கறதுக்கு இல்ல. அஞ்சா, இல்லையா?" "அஞ்சு சார்." "எழுதிக்கறேன்" என்று எழுதிக்கொண்டார். வியாழக்கிழமை சரியாக ஐந்து மணிக்குப் போய் நின்றோம். சரியாக ஐந்து மணிக்குப் போர்வைகள் கைக்கு வந்தன, சொட்டச் சொட்ட. "மழை மூட்டமா இருந்துச்சு, காயல. ஆனா சொன்ன நேரத்துக்குக் குடுத்துட்டேன் பாருங்க சார்" என்றார் லாண்டரிக்காரர். உன் மாமாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. வழிநெடுக, "நேரம் தெரிஞ்ச ஆளு" என்று பாராட்டிக்கொண்டே வந்தார். ஈரப் போர்வை என்ன கனம் கனக்கும் என்று உனக்குத் தெரியுமோ தெரியாதோ, தூக்கி வந்தது நான். அவர் கையில்தான் நோட்டு இருந்ததே. இப்போது எங்கள் வீட்டில் ஒரு நாற்காலி பாக்கியில்லை, எல்லாவற்றின்மேலும் கம்பளி காய்கிறது. இந்தக் கடிதத்தை நின்றுகொண்டேதான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமைக் கதையைக் கேள். குளிர் வந்தால் என் முழங்கால் என்னைக் கேட்காமலே வலிக்க ஆரம்பித்துவிடும், அதனால் டாக்டரைப் பார்த்து மாத்திரை மாற்றப் போனேன். போனோம் என்று எழுத வேண்டும், இந்த வாரம் முழுக்க எல்லாமே போனோம் வந்தோம்தான். எனக்கு முன்னால் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். உன் மாமா உள்ளே போகிற ஆளையும் வெளியே வருகிற ஆளையும் பார்த்து இரண்டு தடவை குறித்துக்கொண்டார். பிறகு எழுந்து நின்று, பஸ் நிலையத்தில் அறிவிக்கிற அதே குரலில், "ஒரு ஆளுக்குச் சராசரி பதினெட்டு நிமிஷம் ஆகுது. எல்லாரும் எதுக்கு இங்க உக்காந்து நேரத்த வீணாக்கணும்? நீங்க பதினொண்ணு பத்துக்கு வந்தாப் போதும், நீங்க பதினொண்ணு இருபத்தெட்டு, அம்மா நீங்க பதினொண்ணு நாப்பத்தாறு, ஐயா நீங்க பன்னெண்டு நாலு" என்று ஆளுக்கொரு நேரம் சொல்லி, துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுத்தார். அதில் பாதிப் பேர் எங்கள் தெருக்காரர்கள். படித்தவர் சொல்கிறார், அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர் சொல்கிறார் என்று மரியாதையாக எழுந்து போய்விட்டார்கள். எனக்குக் கொடுத்த நேரம் பன்னிரண்டு இருபத்திரண்டு. "அதுக்குள்ள காய் வாங்கிட்டு வந்துடலாம்" என்று என்னையும் கிளப்பிக்கொண்டு போனார். உள்ளே இருந்த நோயாளி வெளியே வந்ததும் டாக்டர் எட்டிப் பார்த்திருக்கிறார். ஈ காக்கை இல்லை. சரி, இன்றைக்குக் கூட்டமில்லை என்று பூட்டிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் காய்கறிப் பையோடு திரும்பி வந்தால், பூட்டின கதவுக்கு முன்னால் நாலு பேரும் கையில் துண்டுச் சீட்டோடு நிற்கிறார்கள். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை என் முழங்கால் ஆறினாலும் நான் மறக்கமாட்டேன். உன் மாமா கதவைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "டாக்டருக்கு முன்கூட்டித் தெரிவிக்காதது நம்ம தப்பு" என்றார். நம்ம தப்பாம்!

புதன்கிழமையைப் பற்றி எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். உனக்குத் தெரியாது, யாருக்குமே தெரியாது, சொல்கிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. புதன்கிழமை மத்தியானம் நான் நூலகத்தில் புத்தகம் மாற்றுவேன். நாலு மணிக்கு அதே தெருவில் இருக்கிற தையல்கார அம்மாவின் கடைக்குப் போவேன். அவள் ஷட்டரைப் பாதி இறக்குவாள். பிளாஸ்க்கில் டீ இருக்கும். நாற்பது நிமிஷம். அவள் பேசுவாள், நான் கேட்பேன், பிறகு நான் பேசுவேன், அவள் பொத்தானுக்குக் காஜா தைத்துக்கொண்டே கேட்பாள். பத்தொன்பது வருஷமாக இது நடக்கிறது. பிள்ளை வெளியூருக்குப் படிக்கப் போனபோது நான் அழுதது அங்கேதான். அவள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபோது அவள் முதலில் வாய்விட்டுச் சிரித்ததும் அங்கேதான், ஏன் என்று உனக்கு எழுத முடியாது. வாரத்தில் மற்ற நாளெல்லாம் நான் ஒருவருக்கு மனைவி, ஒருவனுக்கு அம்மா, உனக்கு அக்கா. அந்த நாற்பது நிமிஷம் நான் ஒன்றுமே இல்லை, அவ்வளவு சுகமாக இருக்கும்.

இந்தப் புதன்கிழமை உன் மாமாவும் வந்தார். பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து நுழைந்து, அளவு கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்து, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தையல்கார அம்மா, "வாங்க சார்" என்றாள். "வரேன்மா" என்றார். அப்புறம் ஐந்து நிமிஷம் யாரும் பேசவில்லை. எப்படிப் பேசுவது? நாங்கள் பேசுவதில் பாதி அவரைப் பற்றித்தான். மீதிப் பாதி அவருக்குத் தெரியக் கூடாதது. டீயை மூன்றாகப் பங்கு போட்டதில் ஆளுக்கு ஒரு வாய்தான் கிடைத்தது. "ஒரு சட்டை தைக்க எவ்வளவு நேரம் ஆகும்மா?" என்று ஆரம்பித்தார். "அது ஆகும் சார்." "ஆகும்னா? தோராயமா?" "கணக்குப் பாத்ததில்லையே சார்." "பாத்துடுவோம்" என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி மெஷின்மேல் வைத்தார். அவள் பாதியில் கிடந்த ஒரு சட்டையை எடுத்துத் தைக்க ஆரம்பித்தாள். அவ்வளவு கைத்திறன் உள்ளவள், சட்டைக் கையை உள்பக்கம் வெளிப்பக்கம் மாற்றித் தைத்துவிட்டாள். "பிரிச்சுத் தைக்கறதுக்குத் தனியா நேரம் போட்டுக்கறேன்" என்றார் இவர். நான் கிளம்பும்போது அவள் என் முழங்கையைப் பிடித்து, "அடுத்த வாரமும் சார் வருவாரா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

வியாழக்கிழமை இலையின் முறை. எங்கள் வாசலில் இருக்கிற மரம் இந்தப் பருவத்தில் கொட்டுகிற இலைக்கு அளவே கிடையாது. தெரு பெருக்குகிற அம்மா விடிந்ததும் வந்து பெருக்கிவிட்டுப் போவாள், மறுபடியும் விழும், மறுநாள் வருவாள், யாருக்கும் மனத்தாங்கல் இருந்ததில்லை. உன் மாமா சன்னலில் உட்கார்ந்து, எந்த மணிக்கு எத்தனை இலை விழுகிறது என்று குறித்திருக்கிறார். எட்டிலிருந்து பத்துக்குள்தான் அதிகமாம். "நீங்க ஆறரைக்குப் பெருக்கறது மொத்தமும் வீண். பத்தரைக்கு வந்தா ஒரே தடவைல முடிஞ்சுடும்" என்று அவளைக் கூப்பிட்டு விளக்கினார். அவள் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள். "நல்ல யோசனைங்க ஐயா" என்றாள். இன்று காலை ஆறரைக்கு வரவில்லை. பத்தரைக்கும் வரவில்லை. பத்தரைக்கு அவளுக்கு நாலு தெரு தள்ளி வேலை, இது தெரியாமலா அவள் நல்ல யோசனை என்றாள்? ஆக, இன்று வாசலைப் பெருக்கியது யார் என்று நீயே ஊகித்துக்கொள். உன் மாமாவும் சும்மா இருக்கவில்லை. நான் குவித்து முடிக்க இருபத்தாறு நிமிஷம் ஆனதாகவும், அதற்குள் புதிதாக ஐம்பத்து மூன்று இலை விழுந்ததாகவும் சொன்னார்.

இதெல்லாம்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பேன். இன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், பிரிட்ஜ் கதவில் பெரிய தாள் ஒட்டியிருக்கிறது. அடுத்த வாரத்துக்கான அட்டவணை. சிவப்பு மையில் கோடு, நீல மையில் நேரம். காய்கறிக் கடையும் மருந்துக் கடையும் ஒரே நடையில், நூலகம் மாதத்துக்கு இரண்டு தடவை, இப்படி என் வாரத்திலிருந்து நாலு மணி இருபது நிமிஷத்தை மிச்சம் பிடித்திருக்கிறார். அந்த நாலு மணி இருபது நிமிஷத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுதவில்லை. கீழே ஒரு வரி: 'புதன் 4.00 முதல் 4.40 வரை, தையல் கடை. காரணமற்ற நிறுத்தம். நீக்கப்பட்டது.'

தம்பி, நான் அந்தத் தாளுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். எனக்கு வந்தது கோபம்கூட இல்லை. பயம். இனி இப்படியேதான் என்று ஒரு பயம்.

ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். இது கெஞ்சல் இல்லை, தீர்மானம். உன்னிடம் ஆறு லாரி இருக்கிறது. ஒன்றாவது நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போகிறதா? இல்லையென்று நீயே வருஷக்கணக்காகப் புலம்புகிறாய். உன் ஷெட் வாசலில் ஒரு மேஜையும் நாற்காலியும் போடு. வாரத்தில் ஐந்து நாள் உன் மாமா அங்கே உட்காரட்டும். உன் மாடி அறை காலியாகத்தானே இருக்கிறது, தங்கிக்கொள்ளட்டும். சனி ஞாயிறு இங்கே வரட்டும், நான் நன்றாகக் கவனித்துக்கொள்கிறேன். சம்பளம் அது இது என்று யோசிக்காதே, ஒரு நோட்டும் இரண்டு பேனாவும் கொடுத்தால் போதும். திங்கட்கிழமை காலை ஒன்பது பத்து பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். உன் ஊர் பஸ் நிலையத்தில் வந்து நில். முன்னாலேயே வந்து நில், தாமதமாக வந்தால் எழுதிக்கொள்வார். முடியாது, இடமில்லை, மனைவியைக் கேட்க வேண்டும் என்றெல்லாம் பதில் போடாதே. நீ மூட்டிவிட்ட நெருப்பு, நீயே அணை.

இப்போது அவர் முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். இந்த வாரத்தில் அவர் தனியாகப் போன ஒரே இடம் அதுதான், அங்கே பெண்கள் போக முடியாது என்று நான் அடித்துச் சொன்னதால் போனார். அங்கே அவருக்கு முன்னால் மூன்று பேராவது இருக்க வேண்டும், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத முடிந்தது. அந்த மூன்று பேரையும் வீட்டுக்கு அனுப்பாமல் இருக்க வேண்டும்.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படிக்கட்டும், நன்றாகச் சாப்பிடட்டும், வளர்ந்து பெரியவர்களானதும் யாருக்கும் யோசனை சொல்லாமல் இருக்கட்டும். நீ நூறு வயது இருக்க வேண்டும், அதில் பாதியாவது உன் மாமாவோடு கழிய வேண்டும் என்று மனதார வாழ்த்தும்,

உன் அக்கா

பின்குறிப்பு: இது சனிக்கிழமை காலை. நேற்றே தபாலில் போட்டிருப்பேன். தபால் பெட்டிக்கும் கூட வருகிறேன் என்று அவர் சொன்னதால் போட முடியவில்லை. காலையில் காபி குடிக்கும்போது உன் ஷெட் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். நீ கேட்டதாகத்தான் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அப்புறம், "முப்பத்துநாலு வருஷம் அந்த மேஜைல உக்காந்து ஊர்ல இருக்கறவங்கள எல்லாம் அனுப்பி வெச்சேன். நான் எதுலயும் ஏறினதில்ல. நீ லாண்டரிக்குப் போற, லைப்ரரிக்குப் போற, உன்னைப் பாத்ததும் நாலு பேரு சிரிக்கறாங்க. இதெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாது. உன்கூட வந்தா நல்லா இருக்கு. மறுபடியும் மேஜைல உக்காரணுமா?" என்றார். நான் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுகிற மாதிரி நின்றேன். கழுவ அங்கே பாத்திரம் எதுவும் இல்லை. "அப்ப புதன்கிழமை நாலு மணிய மட்டும் ஏன் அடிச்சீங்க?" என்று கேட்டேன். "அங்க நீங்க ரெண்டு பேரும் பேசறதே இல்லையே? சும்மா உக்காந்துருக்கீங்க. உனக்கும் போர் அடிக்குமேன்னுதான் எடுத்துட்டேன்" என்றார். "நான் மட்டும் தனியா போயிட்டு வரேனே" என்றேன். "தனியா எதுக்கு? பாவம், நான் வரேன்" என்றார்.

ஆகவே மேலே எழுதிய எதையும் செய்யாதே. மேஜை வாங்கக் கிளம்பாதே. திங்கட்கிழமை பஸ் நிலையத்துக்கு வராதே. வேலை இல்லை என்று அவருக்கு ஒரு கடிதம் போடு, நான் கேட்டேன் என்று மூச்சு விடாதே. நேற்று அவரை அனுப்பத் துடித்தவள் இப்போது அனுப்பமாட்டேன் என்கிறாளே என்று சிரிக்காதே, எனக்கே சகிக்கவில்லை. ஒன்றே ஒன்று செய். ஒவ்வொரு புதன்கிழமையும் சரியாக நாலு மணிக்கு வீட்டுத் தொலைபேசியில் அவரைக் கூப்பிடு. உன் லாரிகள் ஏன் நேரத்துக்கு வருவதில்லை என்று ஒரே ஒரு கேள்வி கேள், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். நாலு நாற்பதுக்கு முன்னால் வைக்கக் கூடாது. பசித்தாலும், ஷெட்டில் ஆள் கூப்பிட்டாலும், உனக்கே அழுகை வந்தாலும் வைக்கக் கூடாது. அவரை ஓய்வெடுக்கச் சொன்னது நீதானே?